"ஹி ஃபேட்ஸ் அவே" யார் எழுதிய பாட்டு? அலிஸ்டர் ஹியூலட் பற்றி ஒரு இழை

கேள்வி — பிப்ரவரி 3, 2024
இங்கிலாந்து நாட்டுப்பாடகி ஜூன் டேபர் பாடிய "ஹி ஃபேட்ஸ் அவே" பாட்டை நேற்று முதல்முறையாகக் கேட்டேன். இங்கிலாந்தின் பழைய நாட்டுப்பாடல்தானே? யாரும் எழுதாமல் ஊர் சேர்ந்து உண்டாக்கிய பாட்டு மாதிரி இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

பிப்ரவரி 3, இரவு 10.40
பழைய பாட்டு இல்லை தம்பி. அதற்கு ஆள் உண்டு, பெயர் உண்டு. அலிஸ்டர் ஹியூலட், ஆஸ்திரேலியப் பாடகர். 1991-ல் வந்த "டான்ஸ் ஆஃப் தி அண்டர்கிளாஸ்" என்ற அவருடைய ஆல்பத்தில் இருக்கிறது. ஜூன் டேபர் 1994-ல் "அகைன்ஸ்ட் த ஸ்ட்ரீம்ஸ்" ஆல்பத்தில் பாடினார். ராய் பெய்லியும் ஆண்டி இர்வைனும்கூடப் பாடியிருக்கிறார்கள். இவர்கள் வழியாகத்தான் பாட்டு வெளியே போனது. எழுதியவர் பெயர் கூடவே போகவில்லை.

பன்னிரண்டு வருடமாக இந்த மனிதரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழில் இவரைப் பற்றிப் பேச ஒருவர்கூடக் கிடைத்ததில்லை. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4
பாட்டு எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்று ஒரு பகுதி. செம்மண்ணும் பாறையும். பெர்த்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. அங்கே விட்டனூம் என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் உண்டானதே நீலக் கல்நார் வெட்டுவதற்காக. கல்நார் என்றால் நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோமே, அதுதான். அதில் நீல வகை மிக மோசமானது. ஊசி மாதிரி மெல்லிய இழை. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் குத்தி நின்றுவிடும், கரையாது. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரும். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வருவது.

1943-லிருந்து சி.எஸ்.ஆர். என்ற பெரிய சர்க்கரை நிறுவனத்தின் துணைக் கம்பெனி அந்தச் சுரங்கத்தை நடத்தியது. 1966-ல் மூடினார்கள். ஆளைக் கொல்கிறது என்பதற்காக மூடவில்லை, லாபம் வரவில்லை என்று மூடினார்கள். எரிக் செயின்ட் என்ற டாக்டர் 1948-லேயே இது ஆளைக் கொல்லும் என்று சுகாதாரத் துறைக்கு எழுதிவிட்டார். அதற்கப்புறமும் பதினெட்டு வருடம் சுரங்கம் ஓடியது.

வேலைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இத்தாலிக்காரர்கள் அதிகம். அரைத்து எடுத்தது போக மிஞ்சிய கழிவுத் தூளை ஊர் ரோட்டில் கொட்டினார்கள், பள்ளிக்கூட மைதானத்தில் கொட்டினார்கள். பிள்ளைகள் அதில் விளையாடின. சுரங்கத்தில் கால் வைக்காத பெண்களும் பிள்ளைகளும்கூடச் செத்திருக்கிறார்கள். மொத்தம் இரண்டாயிரம் பேருக்கு மேல்.

ஒரு புகைப்படம் இருக்கிறது. விழா நாளில் நடந்த போட்டி. ஆண்கள் வரிசையாக நின்று, யார் முதலில் டிரம்மை நிரப்புவது என்று மண்வெட்டியால் அந்தத் தூளை அள்ளிக் கொட்டுகிறார்கள். முகமூடி கிடையாது. அதைப் பார்த்துவிட்டு இந்தப் பாட்டைக் கேட்டால் வேறு மாதிரி கேட்கும்.

பிப்ரவரி 4, பிற்பகல்
ஒன்று விட்டுப்போய்விட்டது. விட்டனூம் பற்றி உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு வேறு ஒன்று. மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலிய ராக் குழு 1990-ல் வெளியிட்ட "ப்ளூ ஸ்கை மைன்". அதையும் மனசாரப் பிடிக்கும். என் அண்ணன் கேசட்டில் போட்டுத் தேய்த்த பாட்டு. அது கம்பெனியைப் பார்த்து நின்று கத்துகிற பாட்டு, மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் கூடவே பாடலாம். ஹியூலட் பாட்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது. அடுத்தடுத்த வருடம், ஒரே நாடு, ஒரே ஊரின் கதை. அதையும் இதையும் ஒரே நாளில் கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 6
"அவர் ஆஸ்திரேலியரே இல்லை, ஸ்காட்லாந்துக்காரர்" என்று ஒரு அண்ணன் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். சரிதான். 1951-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1968-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். ஆனால் இந்தப் பாட்டுகள் உண்டானது அங்கேதான். சிட்னி இல்லாவிட்டால் அவர் பாலட் என்கிற பழைய கதைப்பாட்டுகளை நன்றாகப் பாடும் ஒரு ஸ்காட்லாந்து இளைஞராகவே இருந்திருப்பார் என்பது என் கணிப்பு.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து
மேலே தப்பாக எழுதிவிட்டேன். 1968-ல் போனது நியூசிலாந்துக்கு. ஆஸ்திரேலியா வந்தது 1971-ல். வேண்டுமென்றே மேலே உள்ளதைத் திருத்தாமல் விடுகிறேன், அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

நியூசிலாந்திலேயே நீளமான கதைப்பாட்டுகளைப் பாடிப் பெயர் வாங்கிவிட்டார். ஆஸ்திரேலியாவில் சில வருடம் விழாக்களிலும் கிளப்களிலும் பாடினார். அப்புறம் ஒரு மூட்டையும் கிட்டாரும் எடுத்துக்கொண்டு உள்நாட்டுக்குப் போய்விட்டார். 1979-ல் சிட்னிக்குத் திரும்பியபோது கையில் சொந்தப் பாட்டுகள் இருந்தன. இருபத்தெட்டு வயது வரை அடுத்தவர் பாட்டையே பாடித் திரிந்ததை யாராவது வீண் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். "ஹி ஃபேட்ஸ் அவே" பாட்டை நீங்கள் பழைய பாட்டு என்று நினைத்ததற்குக் காரணமே அதுதான். நூறு வருடம், இருநூறு வருடம் வாய்க்கு வாய் வந்த பாட்டில் எந்த வரி தேய்ந்து போகும், எந்த வரி நிற்கும் என்று அவருக்குத் தொண்டையிலேயே தெரியும்.

பிப்ரவரி 9
ரோரிங் ஜாக் பற்றிக் கேட்டீர்கள். 80-களின் நடுவில் சிட்னியில் ஹியூலட் முன்னின்று பாடிய குழு. ஸ்காட்டிஷ் நாட்டுப்பாட்டும் பங்க் ராக் இசையும் கலந்தது. இதே மாதிரி ஐரிஷ் பாட்டைப் பங்க்கோடு கலந்த போக்ஸ் குழுவைக் கேட்டவர்களுக்கு உடனே பிடிபடும். பப்களில் வேர்க்க விறுவிறுக்க ஆட வைத்த குழு. மூன்று ரெக்கார்டுகள், "த கேட் அமங் த பிஜன்ஸ்" 1988-ல் வந்தது. 1992 வாக்கில் கலைந்தார்கள்.

எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. தாளம் முன்னால் வந்து சொல்லைத் தள்ளிவிடுகிறது. அதில் ஒரு பாட்டு மட்டும் விலக்கு: "த ஸ்வாகிஸ் ஹேவ் ஆல் வால்ட்ஸ்ட் மட்டில்டா அவே". விலங்கு பூட்டிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட கைதிகளின் வாரிசுகளைப் பார்த்து, அந்தக் கலக மனசு இப்போது எங்கே போயிற்று என்று கேட்கிற பாட்டு.

பிப்ரவரி 10
ஏன் பிரபலமாகவில்லை? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

பெரிய கம்பெனியில் ரெக்கார்டு போடவில்லை. கடைசிவரை சோஷலிச இயக்கத்தில் இருந்தார், அதை மறைக்கவும் இல்லை. வேலைநிறுத்தப் பந்தலிலும் கூட்டங்களிலும் பாடினார். பெயர் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், 1996-ல், மறுபடி கிளாஸ்கோவுக்கே போய்விட்டார். ஆஸ்திரேலியாவில் அவரை ஸ்காட்லாந்துக்காரர் என்றார்கள். அங்கே போனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்.

இதெல்லாம் உண்மை. இன்னொன்றும் இருக்கிறது, யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, அதிகாலை
தூக்கம் வரவில்லை. சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா கோயமுத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் இருபத்தாறு வருடம். ப்ளோ ரூமில். பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டும் இடம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் புருவத்தில், காது மடலில், மூக்கு முடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகள், "அப்பாவுக்கு நரைச்சிருச்சு" என்று சிரிப்போம். அவர் துண்டை நனைத்து மூக்குக்குள் விட்டுத் துடைப்பார். துண்டில் சாம்பல் நிறத்தில் வரும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சை அடைக்கும், சனிக்கிழமைக்குள் பழகிவிடும் என்பார். அது பஞ்சுத் தூசியால் வரும் நோயின் அடையாளம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பிற்பாடு டாக்டர் சொன்னார். மில் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. பீடி குடித்ததால் வந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா பீடியை விட்டுப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

கடைசி எட்டு மாதம் கட்டிலில்தான். ஆக்சிஜன் சிலிண்டர். படுக்க முடியாது, இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அம்மா ராத்திரியில் விழித்திருந்து முகத்தைத் துடைத்துவிடுவாள். 2011-ல் போய்விட்டார். அடுத்த வருடம்தான் இந்தப் பாட்டு என் காதில் விழுந்தது.

பாட்டில் பேசுகிறவள் மனைவி. கட்டிலில் ஒருவன் கிடக்கிறான், முன்னே அவனை எனக்குப் பிடிக்கும் என்று ஆரம்பிக்கிறாள். அவன் முத்தம் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்கிறாள். இப்போது மூச்சு நிற்பது யாருக்கு என்று அவள் சொல்வதே இல்லை. கேட்கிறவருக்கே தெரிந்துவிடுகிறது. முகத்தைத் துடைக்கிறாள், கையைப் பிடித்துக்கொள்கிறாள், அவன் மங்கிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்ல வந்தது இதுதான். ஹியூலட்டுக்குக் கொள்கை நிறைய உண்டு, மேடையில் முழங்கவும் தெரியும். இந்தப் பாட்டில் அதையெல்லாம் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் குரல் எங்குமே கேட்பதில்லை, அந்தப் பெண் குரல்தான் கேட்கிறது. அதனால் ஜூன் டேபர் பாடினால் அது ஜூன் டேபருடைய பாட்டாகிவிடுகிறது. நான் கேட்டபோது என் அம்மாவுடைய பாட்டாகிவிட்டது. இவ்வளவு தள்ளி நிற்கத் தெரிந்த மனிதரின் பெயர் மறந்துபோவதில் ஆச்சரியமில்லை. வருத்தம் உண்டு.

பிப்ரவரி 13
முந்தாநாள் விடியற்காலையில் எழுதியதற்கு வந்த செய்திகளுக்கு நன்றி. மதுரை அக்கா ஒருவர் "இது ஒப்பாரிதானே" என்று கேட்டிருக்கிறார்.

நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். அவளை விதவை என்றே மனசில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கவனித்துக் கேட்டால் அவன் உயிரோடுதான் இருக்கிறான். பாட்டு முழுக்க உயிரோடு இருக்கிறான். ஒப்பாரியில் சொல்வதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு, ஊரே கூடியிருக்கும், மாரடிக்கலாம். இருக்கிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்மூரில் அழ முடியுமா? "வாயைக் கழுவு" என்பார்கள். அந்த எட்டு மாதம் அம்மாவுக்குப் பாட ஒரு பாட்டும் இல்லாமல் இருந்தது.

பிப்ரவரி 14
தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. "அவன் மறைகிறான்" — வேண்டாம், மரணச் செய்தி மாதிரி இருக்கிறது. "மங்கிப் போகிறான்" நல்ல சொல். துணி சாயம் போவதற்கும் விளக்குக்கும் பொருந்தும். என் ஓட்டு "தேயிறார்" என்பதற்கு. நிலா தேயும், சோப்பு தேயும், ஆளும் தேய்வான். அப்புறம் "அவன்" என்று எங்கள் அம்மா வாயில் வராது. "அவர்" என்றுதான் வரும், அதுவும் பெயர் சொல்லாமல்.

பிப்ரவரி 18
ஸ்வார்பிரிக் பகுதியை எழுத மறந்துவிட்டேன்.

டேவ் ஸ்வார்பிரிக், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவில் ஃபிடில், அதாவது வயலின், வாசித்தவர். இங்கிலாந்து நாட்டுப்பாட்டு உலகில் பெரிய பெயர். 90-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் குடியிருந்தார், அங்கேதான் ஹியூலட்டோடு ஜோடி சேர்ந்தார். 1996-ல் "சாட்டர்டே ஜானி அண்ட் ஜிம்மி த ராட்" ஆல்பம். 1998-ல் "த கோல்ட் க்ரே லைட் ஆஃப் டான்". ஹியூலட் பாடும்போது அந்த ஃபிடில் பின்னாலேயே நடந்து வரும். ஒரு வரி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் முன்னால் வந்து பேசிவிட்டு மறுபடி பின்னால் போய்விடும். அடக்கி வாசிப்பது என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள அதைக் கேட்க வேண்டும்.

ஸ்வார்பிரிக்குக்கு நுரையீரல் நோய். எம்ஃபிசீமா. 1999-ல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டெய்லி டெலிகிராப் பத்திரிகை அவர் இறந்துவிட்டதாக இரங்கல் கட்டுரையே போட்டுவிட்டது. அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். 2004-ல் இரண்டு நுரையீரலும் மாற்று அறுவை சிகிச்சை. மறுபடி எழுந்து வாசித்தார், 2016 வரை இருந்தார். ஹியூலட் அவரைவிடப் பத்து வயது சின்னவர். முன்னாலேயே போய்விட்டார்: 2010 ஜனவரி 28, கிளாஸ்கோ. கல்லீரல் கெட்டு, பார்த்தால் புற்றுநோய். சீக்கு என்று தெரிந்து கொஞ்ச நாளிலேயே முடிந்துவிட்டது. வயது 58.

நான் கேட்க ஆரம்பித்தபோது அவர் இறந்து இரண்டு வருடம். ஒரு கடிதம் எழுத நினைத்து முகவரி தேடியபோதுதான் அது தெரிந்தது.

பிப்ரவரி 19
கிளாஸ்கோவுக்குத் திரும்பியது வேலைக்குக் கேடு என்கிற மாதிரி 10-ம் தேதி எழுதியிருந்தேன். அது சரியில்லை, திருத்திக்கொள்கிறேன். அங்கே போகாவிட்டால் "ரெட் கிளைட்சைட்" ஆல்பம் வந்திருக்காது. 2002, ஸ்வார்பிரிக்கோடு செய்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் கிளாஸ்கோவில் ஆண்கள் போருக்குப் போக, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். 1915-ல் மேரி பார்பர் என்ற அம்மாள் கோவன் பகுதிப் பெண்களைத் திரட்டி வாடகை கொடுக்க மறுத்தார். காலி பண்ண அதிகாரி வந்தால் தெருவில் ஒருத்தி மணி அடிப்பாள். அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் மாடிப்படியில் கூடி வந்தவர் மேல் மாவை வீசுவார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள். அரசாங்கம் அந்த வருடமே வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. இதை வைத்து ஹியூலட் எழுதியது "மிஸஸ் பார்பர்ஸ் ஆர்மி". சேர்ந்து பாடுவதற்கென்றே கட்டிய பாட்டு. 2018-ல் மேரி பார்பருக்குக் கோவனில் சிலை வைத்தார்கள், மக்கள் போட்ட காசில்.

பப், கட்டில், தெரு. மூன்றுக்கும் மூன்று விதமாக எழுதத் தெரிந்திருக்கிறது அவருக்கு. ரோரிங் ஜாக் ஒட்டவில்லை என்று சொன்னதைக்கூட இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பிப்ரவரி 25
கேட்டேன். "த கேட் அமங் த பிஜன்ஸ்" நான் சொன்னதைவிட நல்ல ஆல்பம். காதில் ஹெட்போன் வைத்து உட்கார்ந்து கேட்டது என் தப்பு. சமைக்கும்போது சத்தமாக வையுங்கள்.

மார்ச் 2
விட்டனூம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டவருக்கு: ஊர் இல்லை. 2006-ல் மின்சாரத்தை நிறுத்தினார்கள், அடுத்த வருடம் ஊர்ப்பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். போகமாட்டேன் என்று இருந்த கடைசி ஆளையும் 2022-ல் வெளியேற்றி, மிச்சமிருந்த கட்டடங்களையும் இடித்தார்கள். சுரங்கக் கழிவு மலைபோல அங்கேயே கிடக்கிறது, சுமார் முப்பது லட்சம் டன். அந்த மண்ணுக்கு உரிய பஞ்சிமா மக்கள் தங்கள் சொந்த இடத்துக்குப் பயமில்லாமல் போக முடியாமல் இருக்கிறார்கள். ஹியூலட் இதே ஊரைப் பற்றி "ப்ளூ மர்டர்" என்றும் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். "ஹி ஃபேட்ஸ் அவே" கேட்ட கையோடு அதையும் கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2003 கடைசியோடு கல்நார் முழுக்கத் தடை. இங்கே நம் நாட்டில் வெட்டி எடுப்பதில்லை, இறக்குமதி செய்கிறோம். ரஷ்யாவிலிருந்துதான் அதிகம். வெள்ளை வகை, சிமென்ட்டோடு கலந்து கூரை ஷீட். உலக சுகாதார நிறுவனம் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது.

எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ்தான். 1994-ல் போட்டது. போட்ட அன்று மாமா ஹாக்ஸா பிளேடால் ஷீட்டை அறுத்தார், நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் அந்தத் தூசி மினுமினுவென்று பறந்தது. அழகாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

மார்ச் 3
பயப்படுத்த எழுதவில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஷீட்டை உடைக்காமல், துளை போடாமல், தேய்க்காமல் விட்டால் ஆபத்து குறைவு. மாற்றுவதாக இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே போட விடாதீர்கள். பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மார்ச் 10
இன்று அம்மாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இத்தனை வருடம் தைரியம் வரவில்லை. ஹியூலட் பாடியதைத்தான் போட்டேன், 1991.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பாதியில் கை நின்றது. "யாரு செத்தது?" என்றாள். யாரும் சாகலம்மா, வீட்டுக்காரர் படுக்கையில் இருக்கிறார், பொண்டாட்டி பாடுகிறாள் என்றேன். வரி வரியாகச் சொன்னேன். ஆம்பளைக் குரலாக இருக்கிறதே என்று கேட்கவே இல்லை.

முடிந்ததும் கேட்டாள்: "அவர் முழிச்சிருக்கறப்பப் பாடறாளா, தூங்கறப்பப் பாடறாளா?"

எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. பாட்டில் இல்லையேம்மா என்றேன்.

"தூங்கறப்பத்தான்" என்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

மார்ச் 11
எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்ட தம்பிக்கு: "டான்ஸ் ஆஃப் தி அண்டர்கிளாஸ்" முதலில். அப்புறம் ஸ்வார்பிரிக்கோடு செய்த 1996 ஆல்பம். கிட்டார் வாசிப்பவராக இருந்தால் "டெஸ்டிட்யூஷன் ரோட்" பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆட்டு மந்தைக்காக ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடியானவர்களை விரட்டிய கதை. வாசித்துப் பதிவு செய்தால் இங்கே போடுங்கள். கீழே அவர் பெயரையும் எழுதிப் போடுங்கள்.